மகளின் மதிப்பெண் பரவாயில்லை, பட்டியலைத்தான் மாற்ற வேண்டும்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறோம், குடியுரிமை பெற்றவர்கள். மகள் உயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஜிபிஏ (கல்லூரி மதிப்பெண்களின் சராசரி, 4-க்கு) 3.71. மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 511 (கார்ஸ் பகுதியில் 124, மற்ற மூன்றிலும் 129). ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் முதல் தடவை ‘சி’ வாங்கி, திரும்ப எடுத்து ‘ஏ’ வாங்கினாள். ஆய்வகத்தில் இரண்டு வருட அனுபவம், ஒரு டாக்டரோடு 40 மணி நேர ஷேடோயிங். வரும் ஜூனில் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். நாங்கள் போட்டிருக்கும் பட்டியல்: ஹார்வர்ட், ஸ்டான்ஃபர்ட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், யேல், கொலம்பியா, என்ஒய்யூ, யூசிஎஸ்எஃப், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம், டெக்சஸின் யூடி சவுத்வெஸ்டர்ன், ஒஹையோ ஸ்டேட், கேஸ் வெஸ்டர்ன், பாதுகாப்புக்கு மிசிசிப்பி. டிஓ (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) தரும் கல்லூரிகள் வேண்டாம் என்கிறார் கணவர். அவளுக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு இருக்கிறது?
— ஒரு வாசகி, கொலம்பஸ்

பதில்:

சதவீதத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு கணக்கைச் சரிசெய்துவிடலாம். உங்கள் மகளின் ஜிபிஏ அனேகமாக 3.71 இல்லை.

ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய மதிப்பெண்ணை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. எம்டி (அமெரிக்காவில் இதுதான் வழக்கமான முதல் மருத்துவப் பட்டம்) தரும் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான ஆம்காஸ் அந்தச் சலுகையைத் தராது. இரண்டையும் கூட்டித்தான் கணக்குப் போடும். இதுவரை 90 கிரெடிட் முடித்திருக்கிறாள், அந்தப் பாடத்துக்கு 4 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால், பழைய ‘சி’ உள்ளே வந்ததும் 3.71 என்பது 3.64 ஆகிவிடும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் மட்டும் வைத்து ஆம்காஸ் தனியாக ஓர் அறிவியல் ஜிபிஏ போடும். அதை நீங்கள் எழுதவில்லை. அதில் இந்த இறக்கம் இன்னும் பெரிதாகத் தெரியும். மகளை உட்காரவைத்து இரண்டையும் கணக்கிடச் சொல்லுங்கள். கல்லூரிகள் பார்க்கப்போவது அந்த எண்களைத்தான்.

சரி, சதவீதம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி ஒரு கட்ட அட்டவணை வெளியிடுகிறது. ஒரு பக்கம் ஜிபிஏ, இன்னொரு பக்கம் எம்கேட். எந்தக் கட்டத்தில் எத்தனை பேருக்கு ஒரு கல்லூரியிலாவது இடம் கிடைத்தது என்று அதில் இருக்கும். சமீப ஆண்டுகளில் எம்டி கல்லூரிகளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 52,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள், 23,000 பேர் சேர்கிறார்கள். சேர்ந்தவர்களின் சராசரி எம்கேட் 512 பக்கம், ஜிபிஏ 3.8 பக்கம். எம்கேட்டில் உங்கள் மகள் அந்தச் சராசரியை ஒட்டி இருக்கிறாள், ஜிபிஏயில் கொஞ்சம் கீழே. அவள் இருக்கும் கட்டத்தில் (3.60 முதல் 3.79 வரை, 510 முதல் 513 வரை) பாதிக்குப் பாதி பேர் தேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் ‘பாதி’யை அப்படியே உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே மதிப்பெண்ணோடு இருபது கல்லூரிகளை ஒவ்வொன்றாக விசாரித்துப் போட்டவர்களும் அந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள், பெயரைப் பார்த்துப் போட்டவர்களும் இருக்கிறார்கள். அட்டவணை இருவரையும் சேர்த்துச் சராசரி காட்டுகிறது. நீங்கள் அனுப்பியிருக்கும் பட்டியலை வைத்துச் சொல்வதானால் வாய்ப்பு பாதியைவிட வெகுவாகக் குறைவு. அதே பெண், அதே மதிப்பெண், பட்டியலை மட்டும் மாற்றினால் என் பதில் மாறும்.

‘பாதுகாப்புக்கு’ என்று எழுதியிருக்கும் மிசிசிப்பியிலிருந்தே தொடங்குகிறேன். அதன் சராசரி எம்கேட் குறைவு என்பதைப் பார்த்துச் சேர்த்திருப்பீர்கள். அது அந்த மாநிலத்தவரை மட்டுமே சேர்க்கும் கல்லூரி. ஒஹையோ பெண் 525 வாங்கியிருந்தாலும் அங்கே இடம் இல்லை. வட கரோலைனாவின் ப்ரோடி கல்லூரியும் இப்படித்தான். மதிப்பெண் குறைவாகத் தெரியும் அரசுக் கல்லூரிகள் பெரும்பாலும் சொந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்காக நடப்பவை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது எளிதான இடம் போலத் தோன்றுவது ஒரு மயக்கம். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் ‘பாதுகாப்பான கல்லூரி’ என்று ஒன்று கிடையவே கிடையாது. 3.8-க்கு மேல் ஜிபிஏயும் 517-க்கு மேல் எம்கேட்டும் வைத்திருப்பவர்களிலேயே ஒவ்வொரு ஆண்டும் சிலர் ஓரிடமும் கிடைக்காமல் நிற்கிறார்கள்.

வாஷிங்டன் பல்கலைக்கழகம் வாஷிங்டன், வயோமிங், அலாஸ்கா, மொன்டானா, ஐடஹோ ஆகிய ஐந்து மாநிலங்களுக்கான கல்லூரி. வெளியாட்களுக்கு அங்கே வழி மிகக் குறுகல். யூடி சவுத்வெஸ்டர்னுக்கு ஆம்காஸ் வழியாக விண்ணப்பிக்கவே முடியாது, டெக்சஸுக்கு டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்ற தனி விண்ணப்பம் இருக்கிறது. அங்கே அரசுக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் இடம் தரக்கூடாது என்பது சட்டம். என்ஒய்யூவை ஏன் சேர்த்தீர்கள் என்பது புரிகிறது. 2018 முதல் அங்கே கல்விக் கட்டணம் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல். சேர்பவர்களின் நடு எம்கேட் 520-ஐத் தாண்டி நிற்கிறது. (2024-இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கல்லூரியும் கட்டணத்தை நீக்கிவிட்டது. உங்கள் கணவர் அடுத்து அதைச் சொல்வார்.) ஹார்வர்ட், ஸ்டான்ஃபர்ட் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆசைக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏழு வேண்டாம்.

இத்தனையையும் சுற்றி வந்த பட்டியலில் சின்சினாட்டி பல்கலைக்கழகம் இல்லை. டொலிடோ இல்லை, டேட்டனில் இருக்கும் ரைட் ஸ்டேட் இல்லை, வடகிழக்கு ஒஹையோ மருத்துவப் பல்கலைக்கழகமான நியோமெட் இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று இதைத்தான் சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே கல்லூரிகள் இருந்தும் போட்டி தாங்காமல் நல்ல மாணவர்கள் நிறையப் பேர் வேறு மாநிலங்களுக்குப் போகிறார்கள். உங்களுக்கு மாநிலத்துக்குள்ளேயே இத்தனை கதவு திறந்திருக்கிறது. ரைட் ஸ்டேட்டும் நியோமெடும் ஒஹையோ பிள்ளைகளைத்தான் பெரிதும் எடுக்கும். இந்த நான்கையும் முதலில் எழுதுங்கள். ஒஹையோ ஸ்டேட்டும் கேஸ் வெஸ்டர்னும் இருக்கட்டும், ஆனால் உள்ளூர்தானே என்று அவற்றை எளிதாக நினைக்க வேண்டாம். கேஸ் வெஸ்டர்ன் தனியார் கல்லூரி, அங்கே சேர்பவர்களின் மதிப்பெண் மகளுடையதைவிட நன்றாகவே மேலே.

மற்றக் கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்க ஏஏஎம்சியின் எம்எஸ்ஏஆர் தளத்துக்கு ஒரு வருடச் சந்தா கட்டுங்கள். ஒவ்வொரு கல்லூரியின் விவரமும் அதில் இருக்கிறது. அங்கே எல்லோரும் நடு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். சேர்ந்தவர்களில் கீழிருந்து பத்தாவது சதவீதத்தில் இருப்பவரின் மதிப்பெண் என்ன என்று பாருங்கள். மகளின் எண் அதற்கும் கீழே என்றால் அந்தக் கல்லூரியை விட்டுவிடலாம். அப்புறம், வெளிமாநிலத்திலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், அவர்களில் எத்தனை பேரை நேர்காணலுக்கு அழைத்தார்கள் என்று பாருங்கள். நான் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கலாம் என்று யாராவது கட்டுப்படுத்தினால் இதைத்தான் பார்ப்பேன். ஐயாயிரம் வெளிமாநிலத்தவர் விண்ணப்பித்து ஐம்பது பேரை மட்டும் அழைக்கும் கல்லூரிக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?

இப்படிப் பார்த்தால் வெளிமாநிலத்தவரைத் தாராளமாக எடுக்கும் தனியார் கல்லூரிகள் மேலே வரும். டிரெக்செல், விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரி, ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், ஆல்பனி, கிரைட்டன், செயின்ட் லூயிஸ், லயோலா போன்றவற்றைப் பார்க்கலாம். இவற்றிலும் கூட்டம் நெரியும், ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் குவியும். அதனால்தான் ஒவ்வொரு கல்லூரியும் தன்னை எதற்காக நடக்கும் கல்லூரி என்று சொல்லிக்கொள்கிறது என்பதைப் படிக்க வேண்டும். லயோலா, கிரைட்டன், செயின்ட் லூயிஸ் மூன்றும் ஏசு சபை (ஜெசூட்) துறவிகளின் மரபில் நடப்பவை, சேவை அனுபவத்தைத் தேடுவார்கள். சிகாகோவில் உள்ள ரஷ் கல்லூரியும் அப்படித்தான், சமூக சேவை மணிநேரம் கனமாக இல்லாதவர்கள் அங்கே நிற்பது கடினம்.

இங்கேதான் எனக்குக் கவலை. உங்கள் கடிதத்தில் நோயாளி என்ற சொல்லே வரவில்லை. இரண்டு வருட ஆய்வகம் நல்லதுதான். ஆனால் 40 மணி நேரம் டாக்டருக்குப் பின்னால் நின்று பார்த்ததைத் தவிர நோயாளிகளோடு பழகிய அனுபவம் எதுவும் இல்லை. ‘மருத்துவம் உனக்கு ஏன்?’ என்று நேர்காணலில் கேட்டால் எதை வைத்துப் பதில் சொல்வாள்? மருத்துவமனையில் தன்னார்வலர், ஸ்கிரைப் (டாக்டருக்குக் குறிப்பெழுதுபவர்), இஎம்டி (ஆம்புலன்ஸில் முதலுதவி செய்பவர்), ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு) என்று எத்தனையோ வழி இருக்கிறது. 3.64-ஐவிட, 511-ஐவிட, இந்த வெற்றிடம்தான் அவளுக்குப் பெரிய பின்னடைவு. ஜூனுக்குள் இதை உருப்படியாக நிரப்ப முடியாது என்றால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள் என்பது என் கருத்து. வீட்டில் ஒரு வருடம் வீண் என்று பேச்சு வரும், தெரியும். இன்று மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களில் பெரும்பாலோர் பட்டம் முடித்து ஓராண்டாவது இடைவெளி விட்டு வந்தவர்கள்தான். அவசரப்பட்டு விண்ணப்பித்து எல்லா இடத்திலும் மறுக்கப்பட்டு, மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பிப்பவராக நிற்பது அதைவிடக் கஷ்டம்.

எம்கேட்டைத் திரும்ப எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 124-ஐப் பார்த்ததும் யாராவது சொல்வார்கள். கார்ஸ் என்பது வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதி, சில கல்லூரிகள் அதைத் தனியாகக் கவனிக்கும். இருந்தாலும் 511-ஐ வைத்துக்கொண்டு மறுபடி எழுதுவதை நான் ஆதரிக்க மாட்டேன். பழைய மதிப்பெண்ணும் கல்லூரிகளுக்குத் தெரியும், இறங்கிவிட்டால் அதுவும் தெரியும்.

டிஓ விஷயத்தில் உங்கள் கணவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. டிஓ படித்தவர்கள் ஐம்பது மாநிலங்களிலும் முழு உரிமை பெற்ற மருத்துவர்கள். 2020 முதல், பட்டத்துக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சியான ரெசிடென்சிக்கான அங்கீகார முறை எம்டிக்கும் டிஓவுக்கும் ஒன்றாகிவிட்டது. நரம்பு அறுவைச் சிகிச்சை, தோல் மருத்துவம் மாதிரி போட்டி அதிகமான பிரிவுகளுக்கு டிஓ மாணவர்களுக்குப் பாதை கரடுமுரடானது என்பது உண்மை. குடும்ப மருத்துவமோ பொது மருத்துவமோ குழந்தை மருத்துவமோ என்றால் அந்தப் பயம் தேவையில்லை. ஒஹையோ பல்கலைக்கழகத்தின் ஹெரிடேஜ் டிஓ கல்லூரிக்கு உங்கள் ஊரை ஒட்டிய டப்ளினிலேயே ஒரு வளாகம் இருக்கிறது. டிஓவுக்கு விண்ணப்பம் தனி, சில கல்லூரிகள் ஒரு டிஓ மருத்துவரின் பரிந்துரைக் கடிதமும் கேட்கும். இடம் கிடைத்தால் போவேன் என்று மகள் மனதாரச் சொன்னால் மூன்று நான்கு சேர்க்கட்டும். போக மாட்டாள் என்றால் ஒன்றுகூட வேண்டாம்.

ஆக, ஒஹையோவுக்குள் ஆறு எம்டி கல்லூரிகள், வெளியே எட்டுப் பத்து தனியார் கல்லூரிகள், ஆசைக்கு இரண்டு, டிஓ மூன்று நான்கு. மொத்தம் இருபதைச் சுற்றி வரும். செலவு? ஆம்காஸில் முதல் கல்லூரிக்கு 175 டாலர், அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 45 டாலருக்கு மேல். அப்புறம் ‘செகண்டரி’ என்று கல்லூரிகள் தனித்தனியாகக் கேட்கும் கட்டுரைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் நூறு டாலர் பக்கம். மூவாயிரம் டாலரை எடுத்துவையுங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஏஏஎம்சியின் கட்டண உதவித் திட்டம் இருக்கிறது, விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்க வேண்டும். செகண்டரி கட்டுரைகளை இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்புவது நல்லது. இருபது கல்லூரிக்கும் ஒரே கட்டுரையைப் பெயர் மாற்றி அனுப்பினால் படிப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அதனால்தான் முப்பது நாற்பது என்று போகவேண்டாம் என்கிறேன்.

பட்டியல் போடும்போதே கல்விக் கடனையும் பாருங்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்புக்குள்தான். பல தனியார் கல்லூரிகளில் கட்டணமும் வாடகையும் சேர்ந்தால் இதைத் தாண்டிவிடும். மீதியை எங்கிருந்து எடுப்பது என்று தெரியாமல் ஒரு கல்லூரியைப் பட்டியலில் வைக்காதீர்கள்.

இன்னொன்று, கடிதம் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், பட்டியலில் கணவரின் கை தெரிகிறது. மகள் எங்கே போக விரும்புகிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. எம்எஸ்ஏஆர் கணக்கை அவள் பெயரில் திறந்து, முதல் பட்டியலை அவளையே போடச் சொல்லுங்கள்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கானது) பிள்ளைகள் இருக்கும் வாசகர்களுக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன மாநில முன்னுரிமைக் கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைப் பல அரசுக் கல்லூரிகள் சேர்ப்பதே இல்லை, பள்ளிப் படிப்பு முழுவதும் அதே மாநிலத்தில் முடித்திருந்தாலும் சரி. 21 வயதானதும் எச்-4 முடிந்து மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டியிருக்கும், மத்திய அரசுக் கடனும் கிடையாது. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் சில தனியார் கல்லூரிகள் ஓராண்டுக் கட்டணத்தையோ நான்காண்டுக் கட்டணத்தையோ முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்டச் சொல்லும். எம்எஸ்ஏஆரில் ஒவ்வொரு கல்லூரியும் வெளிநாட்டு மாணவர்களை ஏற்கிறதா என்று இருக்கும். அதைப் பார்த்த பிறகும் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, விசா வகையைக் குறிப்பிட்டுக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டுங்கள்.