நாற்பதில் நாய்க்குணமா, நோய்க்குணமா?

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேனேஜர். ஒரு வருஷமாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். ப்ளஸ் டூ படிக்கும் பையனோடு பேச்சே இல்லை. விடியற்காலை மூன்றரைக்கே எழுந்து பால்கனியில் உட்கார்ந்துவிடுகிறார். குறட்டை, படபடப்பு, மறதி எல்லாம் இருக்கிறது. தாம்பத்தியத்திலும் நாட்டமில்லை. திடீரென்று தவணையில் புல்லட் வாங்கினார், போனுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார். சனிக்கிழமை குடிப்பார். ஆண்களுக்கும் மெனோபாஸ் உண்டு என்று யூடியூபில் பார்த்து ஹார்மோன் ஜெல் வாங்கி வைத்திருக்கிறேன். நாலு நாளாக மாமியார் தூக்கத்துக்குப் போடும் அல்பிரசோலம் மாத்திரையில் பாதியைப் பாலில் கலந்து கொடுக்கிறேன். ஒரே ஆறுதல், போன வாரம் பேங்க் பாஸ்வேர்டு, பாலிசி விவரமெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். “நான் இல்லேன்னா லோன் தானா அடைஞ்சிடும், நீங்க நிம்மதியா இருக்கலாம்” என்றார். அதிலிருந்து கோபமும் குறைந்திருக்கிறது. இது மிட்லைஃப் க்ரைசிஸா? எங்களை விட்டுப் போய்விடுவாரோ?
— வாசகி, ஊரப்பாக்கம்

பதில்: உங்கள் பயம் வேறொரு பெண்ணைப் பற்றியது என்று புரிகிறது அம்மா. என் பயம் வேறு. கடிதத்தில் ‘ஒரே ஆறுதல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பத்திரிகை வரும்வரை காத்திருக்க மனமில்லாமல் அன்றைக்கே உங்களைப் போனில் கூப்பிட்டுப் பேசினேன். இதே வரியைப் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளும் வீடுகள் இன்னும் இருக்கும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன்.

வீட்டுக்கடனோடு சேர்த்து எடுத்த இன்ஷூரன்ஸை மனதில் வைத்து ஒரு மனிதர் தன் சாவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். ‘நான் இருப்பதைவிட இல்லாததே குடும்பத்துக்கு லாபம்’ என்ற எண்ணம் ஆழ்ந்த மனச்சோர்வில் வரும். ஒரு வருஷக் கோபம் எந்தக் காரணமும் இல்லாமல் ஒரே வாரத்தில் அடங்கினால் அதை நல்ல மாற்றம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். முடிவெடுத்துவிட்டவர்களுக்கு அப்படி ஒரு அமைதி வருவதைப் பார்த்திருக்கிறோம். உங்கள் கணவர் அந்த நிலையில்தான் இருக்கிறார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்று தெரியும்வரை அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

முதலில் அவரிடம் நேராகக் கேளுங்கள். பையன் ட்யூஷன் போன நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, “என்னங்க, அன்னைக்கு நான் இல்லேன்னான்னு சொன்னீங்களே, செத்துப் போயிடலாம்னு நினைப்பு வருதா?” என்று அதே வார்த்தையில் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லோரும் தயங்குகிறார்கள். அப்படி ஆகாது. கேட்க ஆள் இருந்தாலே பாதி பாரம் இறங்கும். அவர் ஆமாம் என்றால் அழாதீர்கள், ‘பிள்ளையை நினைச்சுப் பார்த்தீங்களா’ என்று சண்டையும் போடாதீர்கள். தனியாக விடாதீர்கள். மாமியாரின் மாத்திரைகள் உட்பட வீட்டில் ஆபத்தானவை எதுவும் அவர் கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு ரயிலில் கொஞ்ச நேரம்தான். நடுராத்திரி என்றால் 14416, மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ம் உண்டு. இல்லை என்று மழுப்பினாலும் இந்த வாரத்துக்குள் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

“என்னைக் கீழ்ப்பாக்கம் அனுப்பப் பாக்குறியா?” என்பார். சென்னையில் அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம், அங்கே இருக்கும் நல்ல மனநல மருத்துவமனைக்கு நாம் செய்த கைம்மாறு. மூன்றரை மணிக்கு விழிப்பு வருகிறதே, அதற்காகப் போவோம் என்று ஆரம்பியுங்கள். அது பொய்யும் இல்லை. விடியலுக்கு வெகு முன்பே விழிப்பு வந்து, காலையில் மனம் கனத்துக் கிடப்பது மனச்சோர்வின் முக்கியமான அடையாளம். ஆண்களிடம் அது அழுகையாக வருவதைவிட எரிச்சலாகவே அதிகம் வெளிப்படும். ‘நாற்பதுக்கு மேல் நாய்க்குணம்’ என்று பழமொழி சொல்லி நாமும் விட்டுவிடுகிறோம். மிட்லைஃப் க்ரைசிஸ் என்பதும் 1965-ல் எலியட் ஜாக்ஸ் என்ற மனப்பகுப்பாய்வாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல், அவ்வளவுதான். அது நோயின் பெயர் கிடையாது, அந்தப் பெயரைப் போட்டு நான் மருந்துச் சீட்டு எழுத முடியாது.

இப்போது பால் தம்ளருக்கு வருகிறேன். அல்பிரசோலம், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘ஹெச்-1’ பட்டியலில் உள்ள மருந்து. மருந்துக்கடைக்காரர் எழுதிக் கொடுத்த டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் ஏற்றி, அதை மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும் என்கிறது சட்டம். அதை நீங்கள் சர்க்கரை மாதிரி கலக்கிக் கொடுக்கிறீர்கள்! சனிக்கிழமைக் குடியோடு சேர்ந்தால் மூச்சை அடக்கும், குறட்டைக்காரருக்கு இன்னும் மோசம். மனச்சோர்வையும் அது தீர்க்காது. நாலு நாள்தான் ஆகிறது, இன்றோடு நிறுத்திவிடலாம். கொடுத்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

ஜெல்லைத் திறக்கவே வேண்டாம். பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதுபோல ஆண்களுக்கு ஹார்மோன் ஒரேயடியாக நிற்பதில்லை, மெல்ல மெல்லத்தான் குறையும். குறைவா என்று பார்க்க, காலை வேளையில் இரண்டு வெவ்வேறு நாளில் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். யூடியூப் டாக்டர் அதைச் சொன்னாரா?

மறதி மூளைத் தேய்வாக இருக்கும் என்று இப்போதே பயப்பட வேண்டாம், கவனம் இல்லாதவருக்குச் சாவியும் நினைவிருக்காது. படபடப்புக்கு ஒரு ஈசிஜி, கூடவே தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், பி12 போதும், ‘ஃபுல் பாடி செக்கப்’ பேக்கேஜ் வேண்டாம். குறட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போன் பூட்டு எல்லார் போனிலும் இருக்கிறது. புல்லட்டுக்காகச் சண்டை வேண்டாம், சாவி மட்டும் கொஞ்ச நாள் உங்களிடம் இருக்கட்டும்.

மனச்சோர்வுக்கு டாக்டர் மருந்து ஆரம்பித்தால் பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். நாலாம் நாளே ‘ஒண்ணும் கேக்கல’ என்று நிறுத்திவிடாதீர்கள், இது அடிமையாக்கும் மருந்து இல்லை. ஆனால் அந்த முதல் வாரங்களில்தான் கண் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு வேண்டிய மாத்திரை மட்டும் வாங்கி உங்கள் கையால் கொடுங்கள். ஊரிலிருந்து உங்கள் அண்ணனையோ அவருடைய தம்பியையோ வரச் சொல்லுங்கள், ஒரு ஆளால் இது ஆகாது. பையனுக்கும் ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை’ என்று சொல்லிவிடுங்கள். அவன் இத்தனை நாள் தன்மேல்தான் வெறுப்பு என்று நினைத்திருப்பான்.

டாக்டரைப் பார்த்ததும் எனக்கு ஒரு போன் செய்யுங்கள்.