ஆபீஸில் யாரும் படத்துக்கு வரவில்லையா? பிரச்சினை நீங்கள் இல்லை

தம்பி, கொரியாவின் அறுவடைப் பண்டிகையான சூசோக் லீவில் 'வெட்டரன் 2' என்ற கொரிய போலீஸ் படத்தைப் பார்க்க ஆபீஸில் நாலு பேரைக் கூப்பிட்டும், "அப்புறம் வீட்டிலேயே பார்த்துக்கலாம்" என்று நழுவிவிட்டார்கள், வெளிநாட்டுக்காரன் என்று ஒதுக்குகிறார்களோ என்று கேட்டிருந்தீர்கள். நான் இங்கே தென் கொரியாவில் சுவோன் நகரத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவர்கள் சொன்னது சாக்கு இல்லை, உண்மையாகவே வீட்டில்தான் பார்ப்பார்கள்.

சனி, ஞாயிறில் ஒரு டிக்கெட் 15,000 வொன், நம்மூர்க் காசுக்கு 900 ரூபாய்க்கு மேல். கொரோனாவுக்கு முன் 12,000தான். அதைவிடக் குறைந்த காசில் மாதம் முழுக்க நெட்பிளிக்ஸ் பார்க்கலாம் என்றால் யார் கிளம்புவார்கள்? 2019-ல் இந்த நாட்டில் 22 கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது, 2023-ல் 12.5 கோடிதான்.

2015-ல் முதல் பாகத்துக்கு என் சீனியர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். எனக்கு அப்போது கொரிய மொழி அரைகுறை, ஆனால் ஹீரோ ஹ்வாங் ஜோங்-மின் வாயைத் திறந்தாலே அரங்கம் சிரிக்கும், நானும் கூடவே சிரித்தேன். அந்தப் படத்தை 1.34 கோடிப் பேர் பார்த்தார்கள். 2024 சூசோக் பண்டிகைக்குப் பெரிய கொரியப் படம் இந்த இரண்டாம் பாகம் ஒன்றுதான், போட்டியே இல்லை, அப்படியும் 75 லட்சம் பேரோடு நின்றது. இதையே வெற்றி என்கிறார்கள் பாருங்கள்! தயாரிப்பாளர்களுக்குப் புதுக் கதைக்குப் பணம் போடப் பயம், அதனால் நடிகர் மா தோங்-சோக் போலீஸாக வந்து அடிக்கும் படம் நாலாம் பாகம் வரை வந்துவிட்டது, அதைப் பார்த்தவர்களும் ஒரு கோடியைத் தாண்டினார்கள்.

நான் இரண்டாம் பாகத்துக்குப் போனது ஒரு செவ்வாய் இரவு. கவுன்டரில் ஆள் இல்லை, மெஷினில்தான் டிக்கெட், பாப்கார்ன் போட்டுக்கொடுத்த பையனே பிறகு துடைப்பத்தோடு வந்தான். உள்ளே என்னோடு சேர்த்து ஒன்பது பேர். சியோலின் நம்சான் மலைப் படிக்கட்டில் துரத்திக்கொண்டு ஓடும் சண்டை எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் விசில் அடிக்கக்கூட ஆள் வேண்டுமே.

இன்னொன்று, இங்கே "போகலாமா" என்று நீங்கள் கூப்பிட்டால் வயதில் மூத்தவருக்குத் தானே காசு கொடுக்க வேண்டுமோ என்று ஒரு சங்கடம் வரும். அடுத்த தடவை மாதத்தின் கடைசிப் புதன்கிழமை பாருங்கள், 2024-ல் அன்று மாலை 5 முதல் 9 மணிக்குள் தொடங்கும் காட்சிக்கு 7,000 வொன்தான் இருந்தது. இரண்டு டிக்கெட்டை நீங்களே எடுத்துவிட்டு ஒருத்தரை மட்டும் கூப்பிடுங்கள். படம் விட்டதும் காபி வாங்கித் தருவார், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆங்கில சப்டைட்டில் பெரும்பாலும் இருக்காது, கதையை அவரிடமே அப்போது கேட்டுக்கொள்ளலாம்.