மேனேஜரே கோச் ஆகலாமா?

தம்பி, உங்க பாஸ்கெட்பால் டீமுக்கு சீசன் பாதியில கோச் போயிட்டாரு, இப்ப டீம் மேனேஜர் நானே கோச் பண்றேன்னு நிக்கிறாரு, ஒத்துக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. இந்த சீசன் முடியிற வரைக்கும்னா சரி, அதுக்கு மேல வேணாம்.

அமெரிக்கா NBA லீக்ல பாப்பவிச் பண்ணலயான்னு உங்க டீம்ல கேப்பாங்க. 1996 டிசம்பர்ல ஸ்பர்ஸ் டீமுக்கு ஜெனரல் மேனேஜரா இருந்தவரு கோச்சைத் தூக்கிட்டு தானே இறங்கினாரு, அந்த சீசன் 20 வெற்றி 62 தோல்வி, அப்புறம் 1997 டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க முறை வச்சு புது ஆட்டக்காரங்கள எடுக்கிறதுல, முதல் சான்ஸ் விழுந்து டிம் டங்கன்ங்கிற பெரிய ஆட்டக்காரர் வந்தாரு, 1999ல கப்பு. நம்ம லீக்ல டிராஃப்ட்டே கெடையாதே. அதே NBAவுல கிளிப்பர்ஸ் டீம்ல டாக் ரிவர்ஸ் ரெண்டு வேலையும் பாத்தாரு, 2017ல ஆளெடுக்கிற பொறுப்ப எடுத்துட்டு கோச்சா மட்டும் வச்சாங்க.

நாங்க சிங்கப்பூர் தோ பாயோவுல ஆடினப்ப இதேதான். மேனேஜர் நல்ல மனுசன், கோர்ட் புக்கிங், காசு வசூல், ஜெர்சி எல்லாம் அவருதான், ஆனா அவரே கூட்டிட்டு வந்த பையன் நாலு ஃபவுலோட தடுமாறுறான், உக்கார வைக்க மனசு வரல, டைம் அவுட்ல ஒரு கையில போர்டு பேனா, இன்னொரு கையில போன், அடுத்த வாரக் கோர்ட்டுக்கு மெசேஜ் அடிக்கிறாரு. பெஞ்ச்ல என் பக்கத்துல இருந்த பையன் மூணு மேட்ச்சா இறங்கவே இல்ல. முன்னாடி கோச் மேல கோவம்னா மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லுவோம், அவன் யார்கிட்ட போவான்? கடைசியில வர்றதையே நிறுத்திட்டான், எனக்கு இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

கேப்டன இந்த வாரமே அவர்ட்ட பேசச் சொல்லுங்க, ஆள் சேர்க்கிறதும் காசும் வேற ஒருத்தர் பாக்கட்டும், கடைசி மேட்ச் வரைக்கும் அவரு கோச் மட்டும் பண்ணட்டும்.