ஃபோட்டோசிந்தசிஸை எங்கே உடைப்பது?

தாவரவியலின் நீண்ட ஆங்கிலச் சொற்களை எப்படி உச்சரிப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பதில்கள் கீழே.

கேள்வி: ஃபோட்டோசிந்தசிஸில் எத்தனை அசை?

ஐந்து. ஃபோ-டோ-சின்-த-சிஸ். எண்ணிக்கையை விட முக்கியம், குரல் எங்கே ஓங்குகிறது என்பது. இங்கே மூன்றாவதான 'சின்' ஓங்கும். அதே சொல் ஃபோட்டோசிந்தெட்டிக் ஆனால் ஓங்குவது 'தெ'. 'இக்' என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசைதான் ஓங்கும். நாமோ எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுத்து வாசிக்கிறோம். ஒவ்வொரு எழுத்தையும் சரியாகச் சொல்லியும் கேட்பவருக்குப் புரியாமல் போவது அதனால்தான்.

கேள்வி: மோனோ தனி, காட்டிலிடன் தனி என்றுதான் வகுப்பில் பிரித்துக் காட்டினார்கள். அப்படியே சொல்லலாமா?

அது பொருளுக்கான பிரிப்பு: மோனோ என்றால் ஒன்று, காட்டிலிடன் என்றால் வித்திலை. மனப்பாடம் செய்ய அருமையான வழி. வாய்க்கு வேறு கணக்கு: மா-னோ-காட்-டி-லீ-டன், 'லீ' ஓங்கும். இரண்டு பிரிப்பும் எப்போதும் ஒத்துப்போகாது. ஹெலிகாப்டரையே பாருங்கள். கிரேக்க மூலத்தில் அது ஹெலிகோ, ப்டெரான். அதாவது சுருள், இறக்கை. யாராவது 'ஹெலிகோ-ப்டர்' என்கிறோமா? ஹெ-லி-காப்-டர்தான்.

கேள்வி: டெரிடோஃபைட்டில் (pteridophyte, பெரணி வகைத் தாவரம்) முதல் எழுத்தான 'பி' எதற்கு?

மேலே சொன்ன இறக்கைக்கு உறவுக்காரச் சொல்தான் இதுவும். கிரேக்கத்தில் ப்டெரிஸ் என்றால் பெரணி. ஆங்கில நாக்கு 'ப்ட்' என்று ஒரு சொல்லைத் தொடங்காது, அதனால் 'பி' ஊமை. ஹெலிகாப்டரில் அது நடுவே வந்து முந்தைய உயிரில் சாய்ந்துகொள்வதால் ஒலிக்கிறது. சொல்லும்போது ட-ரி-டோ-ஃபைட், 'ரி' ஓங்கட்டும்.

கேள்வி: பூவின் மகரந்தத் தாள்களின் தொகுதியான androecium: ஆண்ட்ரீசியம், ஆண்ட்ரோயீசியம், எது சரி?

முதலாவது. 'ஓ'வும் 'இ'யும் சேர்ந்து ஒரே 'ஈ'. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிச் செடியில் இருப்பதைக் குறிக்கும் டயீஷியஸும் (dioecious) அப்படித்தான்.

கேள்வி: ரோஜாக் குடும்பமான Rosaceae: ரோசேசியா, ரோசேயா? தாவரக் குடும்பப் பெயர்களின் வால் குழப்புகிறது.

ரோ-ஸே-ஸி-ஈ, நான்கு அசை. பலர் கடைசி 'ஈ'யை விழுங்கி 'ரோசேசி' என்பார்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பழைய லத்தீன் முறைப்படி 'ரோசாகேஐ' என்பவர்களும் உண்டு.

கேள்வி: ஃபியூஷா (fuchsia) என்ற செடிப் பெயருக்கு விதி என்ன?

விதி உதவாது. லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானியரின் பெயரால் வந்த செடி அது. அவர் பெயர் ஃபுக்ஸ். ஆங்கிலத்தில் செடி மட்டும் ஃபியூ-ஷா. ஆள் பெயரில் பிறந்த சொல் என்றால் நேராக அகராதியைத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: வரி முடிவில் சொல்லை உடைத்து எழுத?

அமெரிக்கப் பதிப்பாளர்கள் உச்சரிப்பைப் பார்த்து உடைப்பார்கள். பிரிட்டனில் மரபாகச் சொல்லின் மூலத்தைப் பார்த்து. கட்டுரை எங்கே போகிறதோ அந்த ஊர் வழக்கைப் பின்பற்றுங்கள்.