யார் தெரு அது?

அன்புள்ள ஐயா,

ஆகஸ்ட் 22ஐச் சென்னை தினம் என்று கொண்டாடுவது எரிச்சலாக இருக்கிறது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் எத்தனையோ நூற்றாண்டு மூத்தவை. 1639இல் கம்பெனிக்காரன் நிலம் வாங்கிய நாளுக்கு நாம் ஏன் விழா எடுக்க வேண்டும்? வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம் என்று நம்மைப் பிரித்தவன்தானே அவன்?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

தேதிச் சண்டை எனக்கு அலுத்துவிட்டது. கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும், நீங்கள் அன்றைக்கு நன்றாகத் தூங்குங்கள். உங்கள் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. பிரித்தானாம்! நாம் என்னவோ ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்த மாதிரி.

1707இல் கோட்டைக்கு வெளியே நடந்த கலவரம் எதற்கென்று தெரியுமா? கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதற்கு. அந்தக் காலத்தில் சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாக நின்றன; அந்த வலங்கைச் சாதிகளும் இடங்கைச் சாதிகளும் முட்டிக்கொண்டன. கவர்னர் தாமஸ் பிட் (பின்னால் ஒரு வைரத்துக்கே பேர் கொடுத்த அதே பிட்) பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பாகம் பிரித்தார். வலங்கைக்காரர்கள் பலர் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்கே போய்விட்டார்கள். வெள்ளைக்காரன் உத்தமன் என்று சொல்ல வரவில்லை, அவனுக்கு வியாபாரம் நடந்தால் போதும். ஆனால் நடுவில் கோடு போடச் சொல்லிக் கேட்டது நாம்தான்.

என் பாட்டி முத்தியால்பேட்டைக்காரி. அவளோடு கடைக்குப் போனால் ஒரு முனை வரும்போது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து வேறு சந்துக்குள் இழுத்துவிடுவாள். ஏன் பாட்டி என்றால், "அது அவங்க தெருடா." அவங்க யார் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. பிட்டையும் தெரியாது. வெயிலில் கையிலிருக்கும் வெல்லம் பொட்டலத்தோடு இளக இளக, ரெண்டு தெரு சுற்றித்தான் வீடு போவோம்.

1920இல் தியாகராய செட்டியார் தலைமையில் மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது, ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகாமல். எனக்கு இந்த நகரத்தின் பிறந்தநாள் அதுதான். சரி, உடனே கைதட்டாதீர்கள். மறு வருஷமே ஆலை வேலைநிறுத்தம் சாதிச் சண்டையாகத் திரும்பிப் புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன.

கோபிக்காதீர்கள் தம்பி, உங்கள் வயதில் நானும் இதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன். மயிலாப்பூர் பழையதுதான், யார் இல்லை என்றது? அங்கே யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று இருந்தது என்பதை மட்டும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.