அமைச்சராக விரும்பும் மகளுக்கு டோக்கியோ பல்கலைக்கழகம்தான் வழியா?

டோக்கியோவின் எடோகாவா வார்டிலுள்ள நிஷி-கசாயிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அங்கேயே பிறந்த மகளுக்கு 17 வயது. ஜப்பானில் அமைச்சராக வேண்டும் என்கிறாள். கோவையிலுள்ள பெரியப்பாவோ, "டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கட்டும், கிடைக்காவிட்டால் ஒரு வருடம் கோச்சிங் போகட்டும்" என்கிறாராம். அவள் வழிதவறிவிடுவாளோ என்று அம்மாவுக்குப் பயம்.

பயம் புரிகிறது அம்மா. ஆனால் பெரியப்பா சொல்வதை நான் ஏற்கவில்லை. அவர் கேட்பது ஊரில் சொல்லிக்கொள்ள ஒரு பெயர்.

ஜப்பானின் முன்னாள் பிரதமர் யோஷிஹிதே சுகாவைப் பாருங்கள். அகிதா மாகாணத்தில் ஸ்ட்ராபெரி பயிரிட்டவரின் மகன். பள்ளி முடித்து டோக்கியோ வந்து அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பிறகு, கட்டணம் குறைவு என்று ஹோசெய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1973-இல் பட்டம் பெற்றார். ஒரு நிறுவனத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, தான் படித்த கல்லூரிக்கே திரும்பப் போய், யாராவது அரசியல்வாதியிடம் அறிமுகம் செய்துவையுங்கள் என்று கேட்டார்! எத்தனை பிள்ளைகளுக்கு இந்தத் துணிச்சல் வரும்? அப்படித்தான் யோகோஹாமாவின் எம்.பி. ஹிகோசாபுரோ ஒகோனோகியிடம் செயலாளராகி, 11 ஆண்டுகள் இருந்தார். 1987-இல் யோகோஹாமா நகர மன்றம், 1996-இல் நாடாளுமன்றம், 2006-இல் உள்விவகார, தகவல் தொடர்பு அமைச்சர், 2020-இல் பிரதமர்.

உங்கள் மகள் பார்க்க வேண்டியது அந்த 11 ஆண்டுகளைத்தான். ஜப்பானில் ஒவ்வொரு எம்.பி.க்கும் அரசுச் சம்பளத்தில் மூன்று செயலாளர்கள் உண்டு. அதில் ஒருவர் கொள்கைச் செயலாளர், அதற்கெனத் தகுதித் தேர்வே நடக்கிறது. ஆனால் தேறினால் மட்டும் வேலை கிடைத்துவிடாது, ஒரு எம்.பி. அழைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் எம்.பி. தன் பணத்தில் வைத்துக்கொள்ளும் தனிச் செயலாளர்களும் உண்டு. நாடாளுமன்றம் இருக்கும் நாகதாச்சோ பகுதியில் இருந்தால் அமைச்சக அதிகாரிகளை வரவழைத்து விவரம் கேட்பது, குழுக் கூட்டத்துக்குக் கேள்வி தயாரிப்பது. தொகுதியில் இருந்தால் மனு வாங்குவது, கோயில் திருவிழாவுக்கும் துக்க வீட்டுக்கும் எம்.பி. சார்பில் போய் நிற்பது. யாருக்கு என்ன குறை, எந்த மேஜையில் கோப்பு நிற்கிறது என்பதெல்லாம் இங்கேதான் பிடிபடும். கெடுதலும் உண்டு: எம்.பி. தோற்றால் மறுநாள் செயலாளருக்கும் வேலை இல்லை. அதைத் தாங்குவாளா என்று அவளிடமே கேளுங்கள்.

பணத்தில் நான் கறார். டோக்கியோ பல்கலைக்கழகம் 2025-இலிருந்து சேர்பவர்களுக்கு ஆண்டுக் கட்டணத்தை 6,42,960 யென்னாக உயர்த்தியது. தேசியப் பல்கலைக்கழகங்களின் அடிப்படைக் கட்டணம் 5,35,800 யென்தான். கோச்சிங்குக்காக ஒரு வருடத்தையும் பணத்தையும் கொட்டாதீர்கள். அந்தப் பணத்தை வைத்திருங்கள்: வார்டு மன்றத் தேர்தலுக்கே 3 லட்சம் யென் டெபாசிட், நாடாளுமன்றக் கீழவைத் தொகுதிக்கு 30 லட்சம். கீழவையில் பத்தில் ஒரு பங்கு வாக்கு வாங்காவிட்டால் அது திரும்பாது.

அப்புறம் குடியுரிமை. பெற்றோர் இருவரும் இந்தியர் என்பதால், அங்கே பிறந்திருந்தாலும் அவள் ஜப்பானியர் அல்ல. தேர்தலில் நிற்க ஜப்பானியக் குடியுரிமை வேண்டும். அதை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்தியாவில் பிறந்த யோகேந்திர புராணிக் 2012-இல் குடியுரிமை பெற்று, 2019-இல் உங்கள் எடோகாவா வார்டு மன்றத்துக்கே தேர்வானார். இந்த முடிவை அவள்தான் எடுக்க வேண்டும். பெரியப்பாவுக்கு இதில் ஓட்டு இல்லை.

இப்போதைக்கு ஒரு எச்சரிக்கை. ஜப்பானில் 18 வயதாகாதவர்கள் தேர்தல் பிரச்சாரம் செய்வது சட்டப்படி குற்றம். வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்கும் பதிவைப் பகிர்வதுகூட அதில் அடங்கும். அதுவரை எடோகாவா வார்டு மன்றக் கூட்டத்தைப் பார்வையாளராகப் போய்ப் பார்க்கட்டும். கல்லூரியில் சேர்ந்ததும் விடுமுறையில் ஒரு எம்.பி. அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் கேட்கட்டும்.