கிரீட் தீவில் எந்தக் கடற்கரைக்குப் போவது?

கேள்வி: செப்டம்பர் இரண்டாவது வாரம் நான், கணவர், ஏழு வயது மகள், மாமியார் நால்வரும் கிரீஸில் உள்ள கிரீட் தீவுக்குப் போகிறோம். ஹானியா நகரில் ஒரு வாரத்துக்கு அறை போட்டு, காரும் சொல்லியாயிற்று. எலஃபோனிசி, பாலோஸ், ஃபலசர்னா, சைதான் லிமானியா, பிரேவெலி, வாயி என்று கடற்கரைப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. மாமியாருக்கு முழங்கால் வலி வேறு. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?
- வாசகி, கோவை

பதில்: முதலில் வாயியை எடுத்துவிடுங்கள். கரையை ஒட்டிய அந்தப் பேரீச்சங்காடு அழகுதான், ஆனால் கிரீட் கிழக்கு மேற்காக சுமார் 260 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு, நீங்கள் தங்குவது மேற்கில், வாயி இருப்பது கிழக்குக் கோடியில். காரில் போக மட்டுமே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். சைதான் லிமானியாவில் காரை மேலே விட்டுவிட்டுச் செங்குத்தான பாறைச் சரிவில் இறங்க வேண்டும், பிரேவெலியில் நூற்றுக்கணக்கான படிகள். முழங்கால் வலியோடு இரண்டும் வேண்டவே வேண்டாம்.

மிச்சத்துக்கு, எந்த நாள் எந்தக் கடற்கரை என்று இப்போதே குறித்துவைக்காதீர்கள். அங்கே அதை முடிவு செய்வது காற்று. கோடையில் வடக்கிலிருந்து வருகிற காற்றை மெல்தேமி என்பார்கள். பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடுதல், துருக்கிப் பக்கம் குறைவு, அந்த வித்தியாசத்தில் ஏஜியன் கடல் முழுக்க வீசிக்கொண்டு இறங்கும். (நம் தென்மேற்குப் பருவக்காற்றை இழுக்கிற தாழ்வழுத்தத்தின் நீட்சிதான் துருக்கி வரை போகிறது.) ஜூலை, ஆகஸ்டில் அதன் ஆட்டம் அதிகம். செப்டம்பரில் தணிந்துவிடும், கடலும் வெதுவெதுப்பாகவே இருக்கும், நல்ல மாதமாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஆனாலும் இடையில் இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தாலும் அடிக்கும். அதனால் தினமும் காலையில் போனில் காற்று நிலவரத்தைப் பாருங்கள். காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 3 வரை எங்கும் போகலாம், 5 என்று காட்டினால் திறந்த கடற்கரைகளை அன்றைக்கு மறந்துவிடுங்கள்.

காற்றில்லாத முதல் நாளை எலஃபோனிசிக்குக் கொடுங்கள். ஹானியாவிலிருந்து ஒன்றரை மணி நேரம், மலைப்பாதை வளைந்து வளைந்து போகும், குழந்தைக்கு வாந்தி வரும் என்றால் முன்கூட்டியே மாத்திரை கொடுத்துவிடுங்கள். ஏழு மணிக்கே கிளம்பிவிட்டால் சுற்றுலாப் பேருந்துகள் வந்து கூட்டம் சேர்வதற்குள் ஒரு நல்ல இடம் பிடிக்கலாம். கரைக்கும் எதிரே உள்ள குட்டித் தீவுக்கும் நடுவில் தண்ணீர் ஆழமே இல்லை, உங்கள் மகள் நாள் முழுக்க அதில்தான் கிடப்பாள். மணல் ரோஸ் நிறம் என்பது உண்மைதான், நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகள் பொடிந்து கலந்ததால் வந்த நிறம். ஆனால் படங்களில் காட்டுகிற மாதிரி கரை முழுக்க இருக்காது, அலை வந்து தொடுகிற விளிம்பில் பட்டை பட்டையாகத் தெரியும், குனிந்து பாருங்கள். எலஃபோனிசி பார்த்தபின் பாலோஸ் தேவையில்லை. அதுவும் ஆழமில்லாத நீர்தான், ஆனால் காரில் போனால் இறங்கி ஏற வேண்டும், கிசாமோஸிலிருந்து படகில் போனால் அவர்கள் வைத்ததுதான் நேரம்.

எனக்கு இந்தத் தீவிலேயே மிகப் பிடித்தது ஃபலசர்னா. அகலமான மணல்வெளி, கார் பக்கத்திலேயே நிற்கும், மேற்கு பார்த்த கரை என்பதால் சூரியன் நேரே கடலில் இறங்கும். மாலை நாலு மணிக்குமேல் போனால் போதும். கடற்கரைக்கு வடக்கே ஒரு பழைய துறைமுகம் இருக்கிறது, கப்பல் நின்ற இடம் இப்போது காய்ந்த தரை. பொ.ஆ. 365-இல் வந்த பெரும் நிலநடுக்கத்தில் தீவின் மேற்குப் பகுதியே பல மீட்டர் மேலே எழும்பிவிட்டது. நேரமிருந்தால் விடாதீர்கள்.

காற்றடிக்கிற நாளில் ஹானியாவுக்குப் பக்கத்திலேயே ஆகி அபொஸ்தொலி இருக்கிறது, சின்னச் சின்ன வளைகுடாக்கள், மறைவான இடம், ஆழம் குறைவு. அக்ரோதிரி பக்கம் மராத்தியும் வடகாற்றுக்கு மறைவுதான். பாட்டியும் பேத்தியும் நிம்மதியாக உட்கார இவை இரண்டும் போதும். இன்னும் ஒரு நாள் மீதமிருந்தால் தெற்கே பலயோஹோரா. ஊரே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், மேற்கே மணல் கரை, கிழக்கே கூழாங்கல் கரை, ஒரு பக்கம் காற்றடித்தால் ஊர்க்காரர்கள் சாதாரணமாக மறுபக்கம் போய்விடுவார்கள், நீங்களும் அப்படியே செய்யுங்கள். கூழாங்கல்லில் நடக்க எல்லோருக்கும் ரப்பர் செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

தெற்குக் கரையில் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். வடகாற்று அங்கே மலையிலிருந்து இறங்கிக் கடலை நோக்கித் தள்ளும். அலையே இல்லாமல் கடல் சாதுவாகத் தெரியும், ஆனால் காற்றடைத்த மிதவையில் இருக்கும் குழந்தையை நிமிடங்களில் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். காற்றுள்ள நாளில் மிதவையை காரிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

அப்புறம், எலஃபோனிசி மணலை ஒரு பிடிகூட எடுத்து வரக்கூடாது, அது பாதுகாக்கப்பட்ட பகுதி. மகள் பாட்டிலோடு நிற்பதற்குள் சொல்லிவைத்துவிடுங்கள்.